கால் புக் வராத இரவுகள்

பணியில் இருந்த 36 வருடத்தில், லீவு போட்ட நாட்களைக் கழித்துவிட்டால், நான் தொடர்ந்து ஏழு இரவுகள் என் வீட்டில் படுத்துத் தூங்கியதில்லை. ரயில் ஓட்டியவர்கள் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். ஓய்வுக்குப் பிறகு வாழ்க்கையில் என்ன மாறியது என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான். கைக்கு வரும் பணம் குறைந்தது, சீருடை போனது எல்லாம் பிறகு. முதலில் மாறியது ராத்திரி.

1986-ல் டீசல் அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன். ஷன்டர், கூட்ஸ் டிரைவர், பாசஞ்சர் டிரைவர் என்று படிப்படியாக ஏறி, மெயில் எக்ஸ்பிரஸ் ஓட்டும் லோகோ பைலட்டாக 2022-ல் ஈரோட்டில் ஓய்வு பெற்றேன். சேரும்போது ஈரோடு பாலக்காட்டுக் கோட்டத்தில் இருந்தது. 2007-ல் சேலம் கோட்டம் பிரிந்தது. கோட்டம் மாறினாலும் என் பாதை பெரும்பாலும் அதேதான். ஈரோட்டை விட்டதும் காவிரிப் பாலம், சங்ககிரி, சேலம், பொம்மிடி, மொரப்பூர், சாமல்பட்டி, திருப்பத்தூர், ஜோலார்பேட்டை. அங்கே இறங்கி ரன்னிங் ரூமில் படுத்து எழுந்து, வேறொரு வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பி வருவேன்.

அந்த நாளில் எங்களை வேலைக்குக் கூப்பிட வருகிறவருக்குக் கால் பாய் என்று பேர். சைக்கிளில் ரயில்வே காலனிக்குள் வந்து கதவைத் தட்டி, கால் புக்கை நீட்டுவார். எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று அதில் எழுதியிருக்கும். தூக்கக் கலக்கத்தோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், இரண்டு மணி நேரத்தில், வேலைக்குப் பதிவு செய்யும் லாபியில் நிற்க வேண்டும். பின்னால் போன் வந்தது. அதற்கும் பின்னால் கம்ப்யூட்டரே செய்தி அனுப்பியது. எது வந்தாலும், அது வரும் நேரம் நம் கையில் இல்லை. பொங்கல் வைத்துப் பானை பொங்கும் சமயத்தில் வரும். அப்பாவுக்குத் திதி கொடுக்க உட்கார்ந்தால் வரும்.

எங்களுக்கு ஓய்வை நாள் கணக்கில் தருவதில்லை, மணிக் கணக்கில் தருவார்கள். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வேலை பார்த்து வீடு திரும்பினால் 16 மணி நேரம். வார ஓய்வு என்பது மாதத்துக்கு 30 மணி நேரமாக நான்கு தடவை, இல்லாவிட்டால் 22 மணி நேரமாக ஐந்து தடவை. அந்த 16 மணிக்குள் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்து, அடுத்த கூப்பாட்டுக்கு முன்னால் இன்னொரு தூக்கமும் போட வேண்டும். தூங்காமல் எஞ்சின் ஏறக்கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே மனம் வந்ததில்லை. பின்னால் 24 பெட்டியில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் தூங்கிக்கொண்டு வருகிறார்கள். நாம் தூங்கி முடித்து வந்தவர் என்று நம்பித்தான் அவர்கள் தூங்குகிறார்கள்.

எஞ்சினுக்குள் என்ன நடக்கும் என்பது பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு சிக்னலையும் அசிஸ்டென்ட் கண்ணால் பார்த்து, கையை நீட்டிக் காட்டி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாம் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பச்சை, டபுள் மஞ்சள், மஞ்சள், சிவப்பு. மழையானாலும் பனியானாலும், சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவில் அத்தனை சிக்னலுக்கும் இரண்டு குரல். ஒரு நிமிடம் நாம் எந்தக் கைப்பிடியையும் தொடாமல் இருந்தால் விளக்கு மின்னும். அதற்கும் பதில் இல்லையென்றால் பஸ்ஸர் கத்தும். அதற்கும் அசையாவிட்டால் வண்டி தானே பிரேக் பிடித்துக்கொள்ளும். டேனிஷ்பேட்டை, லோக்கூர் பக்கம் மலையடிவாரத்து ஏற்றத்தில், சாரல் மழையில் சக்கரம் வழுக்கினால் மணல் விட்டு விட்டு ஏற்ற வேண்டும். சிவப்பு சிக்னலைத் தாண்டிவிட்டால் வேலையே போகும். அந்தப் பயத்தில் கண் எரிந்தாலும் இமையை மூட மனம் வராது. இப்படி உடம்பையும் மனதையும் இறுக்கிப் பிடித்தே 36 வருடம் வாழ்ந்த ஒருவனிடம், ஒரு மாதக் கடைசி நாளில், இனி நிம்மதியாகத் தூங்குங்கள் என்று சொல்லி மாலை போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அது அவ்வளவு சுலபமாக வருவதில்லை.

கடைசி வண்டிக்கு எஞ்சினில் வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசி, பிளாட்பாரத்தில் மேளம் வைத்தார்கள். மனைவியும் மகளும் பேரனும் வந்திருந்தார்கள். கார்டு வந்து கட்டிப் பிடித்துக்கொண்டார். எனக்கு அதில் ஒன்று மட்டும் மறக்கவில்லை. எஞ்சினின் பி.எல். சாவியை அடுத்த பைலட்டின் கையில் கொடுத்தேன். கொடுத்த கை ஒரு நிமிடம் அப்படியே நீட்டியபடி இருந்தது.

காலனி வீட்டைக் காலி செய்துவிட்டு, பவானிக்குப் பக்கத்தில் காலிங்கராயன்பாளையத்தில் கட்டிவைத்திருந்த வீட்டுக்குக் குடிபோனோம். காலிங்கராயன் வாய்க்கால் பவானி ஆற்றிலிருந்து பிரியும் ஊர் அது. தென்னையும் மஞ்சளும் நெல்லும் பச்சைப் பசேல் என்றிருக்கும். அங்கே ரயில் சத்தம் கேட்காது. அமைதியான இடமாகப் பார்த்துத்தான் வாங்கினேன். அந்த அமைதிதான் என்னைத் தூங்கவிடவில்லை. காலனியில் ஷன்டிங்கில் பெட்டிகள் இடிபடும் சத்தமும் ஹாரனும் கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்த உடம்பு, தவளைச் சத்தத்தில் விழித்துக்கொண்டது. பன்னிரண்டரைக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை எழுந்து உட்கார்வேன். போனை எடுத்துப் பார்ப்பேன்.

"ஏனுங்க, மணி மூணுங்க. யாருங்க கூப்புடப் போறாங்க? படுங்க."

"சும்மா பாத்தேன்."

"தெனமும் சும்மாதான் பாக்கறீங்க."

ஆறு மாதம் இப்படியே போனது. பகலில் கண்ட நேரத்தில் தூக்கம் வரும், ராத்திரி வராது. மூன்றாவது மாதத்தில் டாக்டர் ஒருவர் நிதானமாகக் கேட்டுவிட்டு இரண்டே காரியம் சொன்னார். காலையில் ஆறு மணிக்கு வெளியே போய் வெளிச்சத்தில் நடக்க வேண்டும், மத்தியானம் அரை மணி நேரத்துக்கு மேல் படுக்கக் கூடாது. மாத்திரை எழுதவில்லை. அன்று தொடங்கி வாய்க்கால் கரைதான் என் காலைப் பாதை. தூக்கம் சீராக வர மேலும் மூன்று மாதம் பிடித்தது. ஷிப்டு வேலை பார்த்த எல்லோருக்கும் இதைச் சொல்கிறேன்: போலீஸ்காரர், நர்ஸ், மில் தொழிலாளி, பஸ் டிரைவர், எல்லோருக்கும். ஓய்வு பெற்ற மறுநாளே தூக்கம் வராது. வரவில்லையென்று பயப்படவும் வேண்டாம், தானாக மாத்திரை வாங்கிப் போடவும் வேண்டாம்.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். நான் ஓட்டிய எஞ்சின்களில் கழிப்பறை கிடையாது. வண்டி ஏறுவதற்கு முன்னால் தண்ணீரைக் குறைத்துக்கொள்வோம். வருடக்கணக்கில் அதுவே பழக்கமாகி, தாகமே எடுக்காத உடம்பாகிவிட்டது. ஓய்வு பெற்ற வருடத்திலேயே சிறுநீரகத்தில் கல் என்று படுத்தேன். இப்போது காலையில் ஒரு சொம்பு, நடந்து வந்ததும் ஒரு சொம்பு என்று கணக்கு வைத்துக் குடிக்கிறேன். வேலையில் இருந்தபோது கண்ணுக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. 55 வயதுக்குப் பிறகு வருடா வருடம் மருத்துவச் சோதனை. அதில் தேறாவிட்டால் எஞ்சின் ஏற முடியாது. அதனால் கண்ணைக் காப்பாற்றிக்கொண்டோம். காதையும் சிறுநீரகத்தையும் முதுகையும் யாரும் அப்படிக் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. டீசல் எஞ்சினில் கழிந்த வருடங்கள் என் இடது காதில் தங்கிவிட்டன.

உடம்பைவிடப் பெரிய பாடம் வீட்டில் காத்திருந்தது.

ராத்திரி வண்டி ஓட்டிவிட்டு வந்தவர் பகலில் தூங்கினால்தான் அடுத்த வண்டிக்குப் போக முடியும். அதனால் எங்கள் காலனியில் பகல் முழுக்கச் சத்தம் போடாத வீடுகள் நிறைய. கதவில் துணி தொங்கினால் உள்ளே டிரைவர் தூங்குகிறார் என்று காய்கறிக்காரருக்கும் தெரியும். குரல் கொடுக்காமல் போய்விடுவார். பிள்ளைகளை அடுத்த வீட்டுத் திண்ணைக்கு அனுப்பிவிடுவார்கள். என் மனைவி நான் தூங்கும் பகல்களில் குக்கரை அடுப்பில் ஏற்றியதே இல்லை. விசில் சத்தத்தில் நான் எழுந்துவிடுவேன் என்று, பருப்பைப் பாத்திரத்தில் வேகவைப்பாள். இது எனக்குத் தெரியாது. தூங்கிக்கொண்டிருந்தவனுக்கு எப்படித் தெரியும்?

ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் அவள் பாத்திரம் துலக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு எவர்சில்வர் தட்டுக்கும் நடுவில் துணியின் ஓரத்தைக் கொடுத்து, ஒன்றோடொன்று முட்டாமல் வைத்துவிட்டு, துணியை மெல்ல உருவிக்கொண்டிருந்தாள்.

"நான் முழிச்சுட்டுத்தான இருக்கறேன்?" என்றேன்.

"தெரியுமுங்க. கை பழகிப்போச்சு."

எனக்கு வாய் எழவில்லை. 33 வருடம் அந்தக் கை அப்படி வேலை செய்திருக்கிறது. என் சம்பளச் சீட்டில் ஓடிய தூரத்துக்குக் கிலோமீட்டர் அலவன்ஸ் என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தூரத்தை நான் தூங்காமல் ஓட்டினேன் என்றால், பாதி அவள் என்னைத் தூங்கவைத்ததால் ஓட்டியது. இதை நான் வேலையில் இருக்கும்போதே பார்த்திருக்க வேண்டும். மறுநாள் நானே குக்கரில் பருப்பை ஏற்றினேன். மூன்று விசில் வரும்வரை இரண்டு பேரும் அடுப்படியில் நின்றிருந்தோம்.

ஓய்வு பெற்ற ஆண்கள் பலர் வீட்டுக்குள் வந்ததும் நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். அரிசி எங்கே வாங்குகிறாய், கேஸ் ஏன் சீக்கிரம் தீர்கிறது, போனில் யாருடன் இவ்வளவு நேரம் என்று விசாரணை நடக்கிறது. முதல் சில மாதம் நானும் அதைச் செய்தேன். அது தவறு. நான் ஜோலார்பேட்டையில் படுத்திருந்தபோது என் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தவள் அவள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க முதலில் பேசியவள் அவள். கிரகப்பிரவேசம், காதுகுத்து, சாவு என்று சொந்தத்தில் எதற்கும் போய் நின்றவள் அவள். நான் வராத வீட்டை ஒழுங்காக நடத்தியவளுக்கு நான் வந்து நடத்திக் காட்ட ஒன்றுமில்லை. இப்போது ரேஷன் கடையும் கரண்ட் பில்லும் மாவு அரைப்பதும் என் வேலை. மத்தியானம் அவள் பக்கத்து வீட்டு அக்காவோடு உட்காரும் நேரத்தில் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

இன்னொன்றையும் எழுத வேண்டும். வண்டி ஓட்டியவர்கள் வெளியில் பேசாத விஷயம் அது. 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு எமர்ஜென்சி பிரேக் போட்டால், நிற்க ஒரு கிலோமீட்டர் பக்கம் ஆகும். பாதையில் ஆள் தெரிந்தாலும் ஹாரனை விடாமல் அழுத்துவதும் பிரேக் போடுவதும் தவிர நம்மால் ஆவது ஒன்றுமில்லை. என் பணிக்காலத்தில் அப்படிச் சில பேர் வந்து நின்றார்கள். நிறுத்தி, கார்டுக்குச் சொல்லி, அடுத்த ஸ்டேஷனில் மெமோ எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி வண்டியை எடுக்க வேண்டும். முன்னால் மஞ்சள் சிக்னல் இருக்கும், அதைத்தான் பார்ப்போம். நினைக்க நேரம் கிடையாது. ஓய்வு பெற்ற நான்காவது மாதத்தில், நேரம் கிடைத்ததும், அவர்கள் வந்தார்கள். முகங்கள் வந்தன. ஒரு ராத்திரி வியர்த்து எழுந்தபோது மனைவியிடம் முதல் தடவையாகச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"அன்னைக்கெல்லாம் வீட்டுக்கு வந்ததும் புள்ளையத் தொட மாட்டீங்க. எனக்குத் தெரியுமுங்க."

அதன் பிறகு என்னோடு ஓய்வு பெற்ற இரண்டு பேரிடம் பேசினேன். அவர்களுக்கும் அப்படியே இருந்திருக்கிறது. மாதம் ஒரு தடவை பவானி கூடுதுறையில் உட்கார்ந்து பேசுகிறோம். பேசப் பேசக் கனவு குறைந்தது. பேசாமல் வைத்துக்கொண்டிருக்கும் என் சகோதரர்கள் யாராவது இதைப் படித்தால், யாரிடமாவது சொல்லிவிடுங்கள். மனநல மருத்துவரிடம் போவதிலும் ஒரு குறையும் இல்லை.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஓய்வு என்றாலே எல்லோரும் அதை மட்டும்தான் பேசுகிறார்கள். 2004-க்கு முன்னால் சேர்ந்ததால் எனக்குப் பழைய ஓய்வூதியம். எங்களுக்கு அடிப்படைச் சம்பளத்தோடு 55 சதவீதம் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். அதில் பாதி ஓய்வூதியம். 40 சதவீதம் வரை கம்யூட் செய்து மொத்தமாக வாங்கலாம், அதற்காக மாதாமாதம் பிடிப்பது 15 வருடம் கழித்துத்தான் நிற்கும். பெரிய தொகை கைக்கு வரும் செய்தி எப்படித்தான் பரவுமோ, வீட்டு மனைக்காரரும் ஃபைனான்ஸ்காரரும் தேடி வந்துவிடுவார்கள். 2012-ல் எங்கள் பக்கம் பெருந்துறையில் ஈமு கோழி வளர்ப்பில் பணம் போட்டவர்கள் தவித்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அதிக வட்டி என்று யார் வந்தாலும் ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.

ஆனால் பணத்தைவிட எனக்குக் கவலையாக இருப்பது காகிதம். என்னோடு டீசல் அசிஸ்டென்டாகச் சேர்ந்த நண்பர், ஓய்வு பெற்ற பதினான்காவது மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் மனைவி என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் எல்லாக் காகிதமும். அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்தான். ஆனால் ஓய்வூதிய ஆணை எது, மருத்துவ அட்டை எது, எந்தக் கணக்கில் பணம் வருகிறது என்று அவருக்கு ஒரு நாளும் யாரும் காட்டவில்லை. கணக்கு அவர் வீட்டுக்காரர் பெயரில் மட்டும் இருந்தது. ஓய்வூதிய ஆணையில் அவருடைய பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. பிறந்த தேதியும் ஒத்துப்போகவில்லை. கணவர் இறந்து ஏழு வருடம் வரை, அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கக்கூடிய நாள் வரை, எது முந்தியோ அதுவரை குடும்ப ஓய்வூதியம் கூடுதல் விகிதத்தில் வர வேண்டும்; அதற்குப் பிறகுதான் 30 சதவீதம். உரிமை அவ்வளவு தெளிவாக இருந்தும், ஒரு எழுத்தும் ஒரு தேதியும் ஒத்துப்போகாததால் பல மாதம் அவருக்கு ஒரு பைசா வரவில்லை. அந்த மாதங்களில் ஒவ்வொரு கவுன்ட்டராக நானும் கூடப் போனேன். வாழ்நாள் முழுக்க வீட்டை நடத்திய அந்த அம்மா, ஒவ்வொரு மேசையிலும் தான் யார் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

அப்படி ஒரு நாள் அவரோடு போய்த் திரும்பி வந்த அன்றே என் காகிதங்களை எடுத்து மனைவியிடம் கொடுத்தேன். கணக்கை இருவர் பெயருக்கும் மாற்றினோம். ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்று கொடுக்க நான் போகும்போது அவளும் வருகிறாள். பாஸ்புக் பதிவு போடுவது, ஏ.டி.எம். எடுப்பது எல்லாம் இப்போது அவள்தான்.

இந்த வருடமோ அடுத்த வருடமோ ஓய்வு பெறப் போகிறவர்களே, பிரிவு உபசாரத்துக்கு மண்டபம் பார்ப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். மனைவியைக் கூட்டிக்கொண்டு பாங்குக்குப் போங்கள். சர்வீஸ் ரெக்கார்டில் இருக்கும் அவர் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் நீங்கள் பணியில் இருக்கும்போதே திருத்திவிடுங்கள். நாளைக்கு அதைத் திருத்த அவர் தனியாகப் போக வேண்டியிருக்கும்.